நெற்றியில் நான் வரைந்த கோடு

அண்ணா, இது அம்மாவின் கடிதம். அம்மா சொல்கிறார், நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் மறைக்கமாட்டேன், அழகுக்காக எதையும் சேர்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவில் மை ஊற்றினேன். "எல்லாத்தையும் எழுது பாப்பா, ஆனா நான் நடுவுல அழுதா அத எழுதிடாத," என்றார் அம்மா. அதையும் எழுதிவிட்டேன். இனி 'நான்' என்று வருகிற இடமெல்லாம் அம்மாதான். எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவின் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றி எழுதுகிறேன். சம்பவங்களில் யாராவது பேசினால், அதை மட்டும் பேசினபடியே விட்டுவிடுகிறேன். மாற்றினால் அவர்கள் வேறு யாரோ போல ஆகிவிடுகிறார்கள்.

தம்பி, முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மூக்கோடு வந்துவிட்டார். இப்போது முன்கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு, சன்னல் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். தெருவில் போகிற பெச்சா ரிக்‌ஷாக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நீ சிங்கப்பூருக்குப் போனபோது அந்தக் கூடம் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். சன்னலில் சாக்குத்துணி தொங்கும், பொழுது சாய்ந்தாலும் விளக்குப் போடக்கூடாது, அவர் மூலையில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார், நான் சோற்றுத்தட்டை அவர் கையைத் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஒன்றரை வருடம் அப்படி இருந்தது இந்த வீடு. இன்றைக்குப் பாப்பா அதே கூடத்தில், அதே விளக்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறாள்.

நீ உன் கடிதங்களில் ஒரு முறைகூட எழுதாத விஷயத்தை நானே சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பால்ஷீட் ஏற்றிவந்த லோரி அது. உங்கள் முதலாளி சீனத் தவுக்கேயின் பட்டறையில் அதன் பின்சக்கரத்தைக் கழற்றி ஒட்டுப்போட்டு மாட்டினீர்கள். நீ காற்றடித்துக்கொண்டிருந்தாய். டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று உன் அப்பா குனிந்து பார்த்தார். வளையம் தெறித்தது. நீதான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு, தவுக்கே வேறொரு லோரியை ஓட்ட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். உன் சட்டையை நான்தான் துவைத்தேன். அவர் உயிர் தப்பியது, கண் இரண்டும் தப்பியது, ஆனால் கட்டு அவிழ்த்தபோது முகத்தின் நடுவில் மூக்கு இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. நீ அதை ஒரே ஒரு தடவை பார்த்தாய். அதற்குப் பிறகு அவரிடம் பேசும்போதெல்லாம் அவருடைய கால்விரலைப் பார்த்துப் பேசினாய். இரண்டு மாதத்தில் சிங்கப்பூரில் வேலை என்று கிளம்பிவிட்டாய். நான் உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. உனக்கு வயது இருபத்திரண்டு. எனக்கே பார்க்க முடியாத நாட்கள் இருந்தன.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஊர் அவரை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. தெரிந்தவர்களுக்கு அது லோரி டயர். தெரியாதவர்களுக்கு அது பெருவியாதி. கோப்பிக்கடையில் அவருக்கென்று ஒரு குவளையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "வியாதி இல்லம்மா, டயர்," என்று நான் எத்தனை பேரிடம் சொல்வேன்? உன் அப்பா துண்டை முகத்தில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தார், பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரெஸராக இருக்கிற கோபால், நமக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாரே, அவர் எங்கிருந்தோ ஒரு மூக்குக்கண்ணாடி கொண்டுவந்தார். கண்ணாடியோடு சேர்த்து ஒரு தகர மூக்கைப் பொருத்தியிருந்தார்கள், மேலே சாயம் அடித்திருந்தது. வெள்ளைக்காரன் நிறச் சாயம். உன் அப்பா அதைப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். பாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். "கண்ணாடியக் கழட்டினா மூக்கும் சேந்து வருது. இது மூக்கா, டப்பா மூடியா?" என்றார் அவர். அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு வேடிக்கை பேசினார். மறுநாள் அந்தக் கண்ணாடியைக் காணோம்.

(நான் சிரித்தது உண்மை. கிணற்றடியில் போய்ச் சிரித்தேன், பிறகு அங்கேயே அழுதேன். வரிசையைச் சரியாக எழுதியிருக்கிறேன்.)

போன வருடம் பண்டார் ஹிலிர் திடலில் மலாய் நாட்டுச் சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று நம் காஜா பெராங்கில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. மலாய் பேசுகிற சிட்டித் தமிழர் வீட்டுப் பெண்கள் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டமாகப் போனார்கள், செட்டியார் கடைகளைச் சாத்திவிட்டார்கள். நான் அவரையும் கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க. சுதந்திரம் வந்துச்சுன்னா எனக்கு வந்து சேதி சொல்லுங்க," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. நானும் பாப்பாவும் போனோம். அத்தனை சத்தத்திலும் எனக்கு அந்த இருட்டுக் கூடம்தான் கண்ணில் நின்றது.

இந்த வருடம் தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்து டிரெஸர் கோபால் வேலையிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். சைக்கிளைக்கூடச் சரியாக நிறுத்தவில்லை. "அண்ணே, சிங்கப்பூர்லேருந்து ஒரு டாக்டர் வந்திருக்காரு. சண்டையில முகம் எரிஞ்சவங்களுக்கெல்லாம் முகம் செஞ்சு குடுத்தவராம். ஏழெட்டு மாசத்துக்கு ஒரு வாட்டிதான் வருவாரு. நாளைக்கு வாங்க." உன் அப்பா வரமாட்டேன் என்றார். கோபால் விடவில்லை. "வந்தா என்ன போயிடும் அண்ணே? மூக்கா?" என்றார். எனக்கு உயிர் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் உன் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த வெள்ளைக்கார டாக்டர் உயரமாக, காதெல்லாம் சிவந்துபோய் இருந்தார். உன் அப்பாவின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றரை வருடமாக அந்த இடத்தை யாரும் தொட்டதில்லை, நான்கூட. அவர் இங்கிலீஷில் சொல்ல, கோபால் எங்களுக்குச் சொன்னார். "நெத்தித் தோல எடுத்து மூக்கு செய்யலாங்கறாரு."

"நெத்தியில எடுத்துட்டா நெத்திக்கு?" என்றார் உன் அப்பா.

"தொடையிலேருந்து மெல்லிசா சீவி நெத்தியில ஒட்டுவாங்க."

"அப்ப தொடைக்கு?"

"அது தானா ஆறிடும்."

"நல்ல வேள. தொடைக்கு வேற ஆளத் தேடணுமோன்னு பாத்தேன்."

கோபால் அதை மொழிபெயர்த்தார். டாக்டர் சிரித்துவிட்டு ஒன்று சொன்னார். இந்த வேலையே இந்தியாவிலிருந்துதான் இங்கிலாந்துக்கு வந்தது, நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அங்கே இப்படி மூக்குக் கட்டுவதை தன் நாட்டு ஆட்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்றாராம். "அப்ப நம்ம சரக்குதான் சுத்திட்டு வருது," என்றார் உன் அப்பா. அந்த ஒரு வார்த்தையில் அவர் சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டர் கடைசியில் அவருடைய தலைமுடியை உள்ளங்கையால் மேலே தள்ளிப் பிடித்து, கோபாலிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். கோபால் தலையாட்டிக்கொண்டார். அது டாக்டர் வேலை சம்பந்தப்பட்டது, எங்களுக்கு வேண்டாம் என்று நினைத்து அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மனம் அந்த நேரம் அம்மன் கோவிலில் இருந்தது.

ஏனென்றால் தம்பி, அவருக்கு முகம் திரும்பக் கிடைத்தால் அவர் முடியை இறக்குகிறேன் என்று நான் என்றைக்கோ வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்த பிறகு செய்யவேண்டிய வேண்டுதல். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்துவிட்டது. கத்தி வைப்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால் அம்மன் கூடவே வருவாள் என்று தோன்றியது. உன் அப்பாவும் சரி என்றார். ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் கோவிலில் மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனம் பூசி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வார்டில் இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் சாயங்காலம் வந்து பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் முழுக்கச் சிவந்தது. கோபாலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "முடி எங்கன்னு கேக்குறாரு," என்றார் கோபால். அன்றைக்கு டாக்டர் நீளமாகச் சொன்னது இந்த முடியைப் பற்றித்தான்.

"சாமிக்குக் குடுத்தாச்சு," என்றேன்.

கோபால் அதைச் சொன்னார். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, மெதுவாக ஒன்று கேட்டார். "திருப்பி வாங்க முடியுமான்னு கேக்குறாரு அக்கா."

(அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். என் இங்கிலீஷைக் கேட்டு டாக்டர் எனக்கு நேராகவே விளக்கினார். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மூக்குப் போல வெட்டி, அதை அப்பாவின் நெற்றியில் தலைகீழாக வைத்துக் காட்டினார். புருவத்துக்கு நடுவில் ஒரு காம்பு மட்டும் ஒட்டியிருக்க, மற்ற தோலைக் கிளப்பி, முறுக்கிக் கீழே இறக்கி, மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் தைப்பார்கள். அந்தக் காம்பு வழியாகத்தான் ரத்தம் வரும். மூன்று வாரத்தில் தோல் புது இடத்தில் வேர் பிடித்த பிறகு காம்பை வெட்டிவிடுவார்கள். மூக்கு தொய்யாமல் நிற்பதற்குக் காதிலிருந்து ஒரு சின்னத் துண்டு குருத்தெலும்பு. உள்பக்கத்துக்குக் குழியின் ஓரத்தில் இருக்கிற தோலையே மடித்துக்கொள்வார்கள். இதில் ஒரே ஒரு சங்கடம். அப்பாவின் நெற்றி சின்னது, முடி கீழே வரை வரும். முடி முளைக்கிற தோலையும் சேர்த்து எடுத்துவிட்டால், மூக்குக்கு வந்த பிறகும் அதில் முடிதான் முளைக்கும். அதனால் முடிக்கு ஒட்டினாற்போலப் பார்த்து, சாய்வாக எடுக்கவேண்டும் என்று நினைத்திருந்தார். இப்போது முடி எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைய சவரம் அவ்வளவு மழமழப்பு.)

முடி வளரட்டும், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் மறுநாளைக்கு மறுநாள் சிங்கப்பூர் திரும்பவேண்டும். அடுத்த தடவை என்றால் ஆவணிக்கு அப்புறம். ஆவணியில் உன் கல்யாணம். உன் கடிதம் அந்த வாரம்தான் வந்திருந்தது. பெண் வீட்டாரிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன், சின்னதாகச் செய்துகொள்கிறோம், போட்டோகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அப்பாவுக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கும், தாலி எடுத்துக் கொடுக்க மாமா வரட்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் பாப்பா உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டியிருந்தாள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்தார். "வா, போவலாம்," என்று துண்டை எடுத்து முகத்தில் சுற்ற ஆரம்பித்தார். அந்தத் துண்டு சுற்றுகிறதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. என் வேண்டுதலால் வந்தது இது. "கோபாலு, முடி எங்க ஆரம்பிக்குதுன்னு நான் காட்டுறேன்னு சொல்லு," என்றேன்.

இருபத்தைந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். டாக்டர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு நர்ஸ் மிஸ்ஸியிடம் சொல்லி, ஊதா மையும் நுனியில் பஞ்சு சுற்றிய ஒரு குச்சியும் கொண்டுவரச் செய்தார். நான் கண்ணால் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய் தேய்க்கிறதுபோல இரண்டு கையையும் அவர் தலையில் வைத்தேன். கட்டைவிரல் எங்கே நிற்கும், மற்ற விரல் எங்கே முடிக்குள் நுழையும் என்று என் கைக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணைத் திறந்து, ஒரு காதுமேட்டிலிருந்து மறு காதுமேடு வரை கோடு போட்டேன். உன் அப்பா மூச்சு விடாமல் இருந்தார். "கூசுது," என்றார் மெதுவாக. டாக்டர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, தெரிந்த வரையில் பார்த்தார். வலப்பக்கம் பார்த்துத் தலையாட்டினார், நடுவில் பார்த்துத் தலையாட்டினார், இடப்பக்கம் அவருக்கும் தெரியவில்லை. என் கோட்டையே வைத்துக்கொள்வோம் என்றாராம்.

மறுநாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. நீ பார்த்திருந்தால் பயந்திருப்பாய் தம்பி. நெற்றியில் கட்டு, புருவத்துக்கு நடுவிலிருந்து ஒரு தடித்த சதைக் காம்பு இறங்கி மூக்கில் சேர்கிறது. மறுநாள் அவருக்குப் பேச வந்ததும் முதல் பேச்சு, "எப்படி இருக்கு?" என்பதுதான். பாப்பாதான், "தும்பிக்கை மாதிரி இருக்குப்பா," என்றாள். "அப்ப சரி. யானை பேரு வச்ச கம்பத்துக்காரனுக்கு அது இருக்கட்டும்," என்றார்.

(காஜா என்றால் மலாயில் யானை, கம்பம் என்றால் ஊர் என்பது அண்ணாவுக்குத் தெரியும். அண்ணிக்காக எழுதுகிறேன், அவரும் இதைப் படிப்பாரே.)

இரண்டாவது நாள் பகலில் புது மூக்கின் நிறம் மாறியது. மிஸ்ஸிகள் மணிக்கொரு தரம் வந்து விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அமுக்கினால் வெளுத்து, விட்டால் ரத்தம் திரும்பி வரவேண்டும். அன்றைக்கு அது நாவற்பழம் போலக் கறுத்துக்கொண்டு வந்தது. டாக்டர் போய்விட்டிருந்தார். வார்டில் ஒரு சீன மிஸ்ஸி, வயதானவர், அதிகம் பேசமாட்டார், இங்கே இருக்கிற சின்ன டாக்டரைக் கூட்டிவந்தார். நெற்றிக் கட்டு வீங்கிப்போய்க் காம்பை அழுத்துகிறது என்று கண்டுபிடித்து, கட்டைத் தளர்த்தி, ஒரு தையலையும் வெட்டிவிட்டார்கள். நான் மாரியம்மனை ஒரு கை பார்த்துவிட்டேன், முடியை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்கிறாயா என்று. பாப்பா கடிகாரத்தையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கறுப்பு வடிந்து, தோல் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. மிஸ்ஸி என் தோளைத் தட்டி, "சூடா பாய்க், மாக்," என்றார், ஆயிற்று, நல்லாயிற்று என்று. அப்போதுதான் நான் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை என்று தெரிந்தது.

அந்த மூன்று வாரத்தில் நடந்த ஒரு வேடிக்கையை நீ கேட்கவேண்டும். புது மூக்கில் ஈ உட்காரும். உன் அப்பா சடாரென்று நெற்றியைத் தட்டுவார். ஈ மூக்கிலேயே உட்கார்ந்திருக்கும். எதிர்க்கட்டில் மலாய்க்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார், "பாவா! பாவா!" என்று கீழே கையைக் காட்டுவார். "நான் என்ன செய்ய? ஈ இங்க உக்காருது, அரிப்பு அங்க எடுக்குது," என்பார் இவர். தோல்தான் இடம் மாறியது, நரம்பு இன்னும் காம்பு வழியாக நெற்றியோடுதான் பேசுகிறது என்று சின்ன டாக்டர் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை நான் கோவிலிலிருந்து திருநீறு கொண்டுபோனேன். நெற்றி முழுக்கக் கட்டு, எங்கே வைப்பது? யாரும் பார்க்காத நேரமாக, ஒரு துளி எடுத்துப் புது மூக்கில் தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நெத்தியில பூசற மாதிரியே இருக்கு," என்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதற்குள் சீன மிஸ்ஸி பார்த்துவிட்டார். தையல் ஆறாத இடத்தில் பொடியை வைக்கிறாயா என்று மலாயிலும் சீனத்திலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, துடைத்து, மருந்து போட்டார். அவர் திட்டியது சரிதான். காம்பை வெட்டின பிறகு அந்த மாயம் போய்விட்டது. சில வாரம் மரத்துப்போய் இருந்தது, இப்போது ஈ உட்கார்ந்தால் மூக்கைத்தான் தட்டுகிறார். நெற்றியில் ஒட்டின தொடைத்தோலுக்குத் திருநீறு பூசுவது தெரியவில்லை, கண்ணாடி பார்த்துத்தான் பூசுகிறார்.

வார்டில் கண்ணாடி கொடுக்கமாட்டார்கள். நான் சோறு கொண்டுபோன டிபன் கேரியர் மூடியைத் துடைத்து அதில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு," என்றார். பிறகு பக்கவாட்டில் திருப்பிப் பார்த்து, "நல்ல கெழங்குதான்," என்றார். உண்மையைச் சொல்லவேண்டும் என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். அது அழகான மூக்கு இல்லை. முன்னால் இருந்ததைவிடத் தடிமன், ஓரத்தில் தழும்பு தெரிகிறது, நெற்றியில் ஒரு திட்டு வேறு நிறமாக இருக்கிறது. டாக்டர் அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் செதுக்கி மெலிதாக்குவாராம். ஆனால் அது ஒரு மூக்கு. அதைப் பார்த்து யாரும் வியாதி என்று நினைக்கமாட்டார்கள். ஏதோ அடிபட்டவர் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். அவரும் போன வாரம் கோப்பிக்கடைக்குத் தானே நடந்துபோனார். எல்லாரும் குடிக்கிற குவளையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பட்டறைக்கும் போய்வந்தார். தவுக்கே அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஹிடோங் பாரு, காஜி லாமா," என்றாராம். புது மூக்கு, ஆனால் பழைய சம்பளம்தான் என்று. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார்.

நான் போட்ட கோடு என்ன ஆயிற்று என்று கேட்பாயே. காம்பு வெட்டிக் கொஞ்ச நாளில் மூக்கின் நுனியில் ஓர் ஓரத்தில் கறுப்பாகப் புள்ளி தெரிந்தது. அழுக்கு என்று துடைத்தேன். போகவில்லை. அது முடி.

(நெற்றியில் இடப்பக்க மூலை. தோல் முழுவதும் திரும்பி இறங்கியதால் இப்போது மூக்கில் வலப்பக்கம். ஏழெட்டு முடிதான். கறுப்பாக, அப்பாவின் தலைமுடி போலவே நல்ல வளர்த்தி.)

இருபத்தைந்து வருடம் எண்ணெய் தேய்த்த கை தம்பி, இடப்பக்கம் ஒரு மூலையில் முடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது என்று அதற்குத் தெரியவில்லை. நான் எப்போதும் அவருக்குப் பின்னால் நின்று வலக்கையால்தான் அழுத்தித் தேய்ப்பேன். இடக்கை சும்மா தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்த அன்று நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பா பின்னாலேயே வந்து, "மீசைக்குத் தொணையா இருக்கட்டும், விடு," என்றார். இப்போது காலையில் மீசையைக் கத்தரிக்கும்போது அதையும் கத்தரிக்கிறார். அடுத்த தடவை மெலிதாக்கும்போது வேரை உள்பக்கமிருந்து சுரண்டிவிடலாம் என்று கோபால் சொல்கிறார். இவர் என்னவோ அதை வைத்துக்கொள்ளப் போவதுபோலத்தான் பேசுகிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது எங்க வீட்டம்மா போட்ட கோடு," என்று காட்டுகிறார். எனக்கு மானம் போகிறது.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாகப் பார். வேலைக்குப் போகிற அவசரத்தில் பார்க்கிற பார்வை இல்லை. இரண்டு பக்கமும் பார். ஒரு நாள் எவனாவது மைக்குச்சியைக் கையில் கொடுத்து வரை என்று சொன்னால் உன்னால் வரைய முடியவேண்டும். என் அளவுக்காவது முடியவேண்டும். இன்னொரு முகத்தையும் நீ பார்க்கவேண்டியிருக்கிறது. ஒன்றரை வருடமாக நீ பார்க்காத முகம். நீ அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று போட்டோவை நிறுத்தினாய். யாருடைய சங்கடம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஒரு நாளும் உன்னைச் சொன்னதில்லை. நான் சொல்வதை நம்பமாட்டாய் என்றுதான் அவரையே கேட்கிறேன்.

(அம்மா இங்கே அப்பாவின் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கேட்டார். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். "அவனுக்கு எழுது. காத்தடிச்சது அவன், வளையத்தப் பாக்க வேண்டிய ஆளு நான். காத்தடிக்கறதுக்கு முன்னாடியே பாக்காம, நடுவுல தலைய உள்ள விட்டேன். அப்புறம் இதையும் எழுது. அந்த வளையம் ரெண்டு வெரக்கடை மேல வந்திருந்தா நெத்தி போயிருக்கும். நெத்தி போயிருந்தா மூக்கு செய்ய எங்க போறது? அவனுக்குக் கணக்குத் தெரியாது." பிறகு மறுபடியும் சொன்னார்: "போட்டோக்காரனுக்குச் சொல்லச் சொல்லு. தாலிய நான்தான் எடுத்துக் குடுப்பேன். மாமாவுக்கு வேணும்னா மாலைய வாங்கிட்டு வர வேலையக் குடு. நான் முன்வரிசையில உக்காருவேன். பக்கவாட்டுல ஒண்ணு தனியா எடுக்கணும்." எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். "முடி இருக்கிற பக்கம்," என்றார். அம்மா பேப்பரால் அவர் தோளில் அடித்தார்.)

அவ்வளவுதான் தம்பி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அந்தப் பெண்ணையும் அவள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வா. ஆகஸ்ட் கடைசியில் சுதந்திரம் வரும்போது திடலில் விளக்கெல்லாம் போடுவார்களாம். இந்தத் தடவை எனக்கு வந்து சேதி சொல்லவேண்டாம், நானே வருகிறேன் என்கிறார் உன் அப்பா. ஸ்டேஷனிலிருந்து உன்னை அழைத்துவரவும் அவரே போகிறாராம். நீ பஸ்ஸில் வந்தாலும் சரி, ரயிலில் வந்தாலும் சரி, இறங்கினதும் அவர் காலைப் பார்க்காதே. முதலில் முகத்தைப் பார். பார்த்துவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரி. அவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

(அண்ணா, இதற்கு மேல் நேற்று எழுத முடியவில்லை. மீதியைக் காலையில் எழுதுகிறேன். அம்மா கடைசி வரியைச் சொல்லி முடித்ததும் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போதும் பாப்பா, கண்ணு கெட்டுப்போவும், காலையில ஸ்கூல் இருக்கு," என்றார். விளக்கை அணைத்தது அதற்காகத்தான், முன்போல முகத்தை மறைக்க இல்லை. சன்னல்களைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தார். முதலில் கூடத்து விளக்கு, பிறகு அடுப்படி விளக்கு. இரண்டையும் அப்பாதான் அணைத்தார்.)